எலுமிச்சம்பழம் தாண்டிய ரோபோ

கல்லூரியில் எனக்குக் கிடைத்தது மெக்கானிக்கல். வீட்டில் யாருக்கும் பிடிக்கவில்லை. ஐ.டி. கம்பெனியில் வேலை செய்யும் அக்கா, கம்ப்யூட்டர் பிரிவில் ஓர் இடம் காலியாக இருப்பதைக் கண்டுபிடித்துவிட்டு, மாறச் சொல்லி நச்சரித்தாள். வெள்ளிக்கிழமை மாலைக்குள் அலுவலகத்தில் சொல்லிவிட வேண்டுமாம். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். "எங்க கிளாஸ்ல ரோபோ செய்யச் சொல்லிருக்காங்க. வெள்ளிக்கிழமை அது சரிவுல ஏறிச்சுன்னா மெக்கானிக்கல். ஏறலைன்னா கம்ப்யூட்டர். போதுமா?" என்று கத்திவிட்டேன்.

சவால் விட்டபோது ரோபோ என்று ஒன்று இல்லவே இல்லை. புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு முதலில் பாடம் நடத்தாமல், மூன்று பேருக்கு ஓர் அட்டைப்பெட்டி கொடுத்திருந்தார்கள். உள்ளே மோட்டார், பேட்டரி, பிளாஸ்டிக் பல்சக்கரங்கள். என்னோடு தாவணகெரேவிலிருந்து வந்த ஒரு பெண்ணும் தருமபுரிப் பையன் ஒருவனும். டிபன் டப்பா மூடிகளைச் சக்கரங்களாக்கி, வழுக்காமலிருக்க சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றினோம்.

ஸ்க்ரூ டிரைவர் கையில் இருந்தபோது எனக்குப் பசியே தெரியவில்லை. இரண்டு பல்சக்கரங்கள் முதன்முதலாக ஒன்றையொன்று கவ்விச் சுற்றியபோது நின்ற இடத்திலேயே குதித்தேன். அப்புறம்தான் என் சவால் நினைவுக்கு வந்தது. இதை விட்டுவிட்டுப் போக எனக்கு மனமில்லை.

வெள்ளிக்கிழமை காலை ரோபோ தயார். புது வண்டிக்குப் பூஜை போடாமல் ஓட்டலாமா? பெங்களூர் மர்பி டவுனில் எங்கள் தெருவில் யாரும் ஓட்ட மாட்டார்கள். குங்குமம் வைத்து, பூச்சரம் சுற்றி, முன்சக்கரத்துக்கு அடியில் ஓர் எலுமிச்சம்பழம் வைத்தேன். மொத்த வகுப்பும் சுற்றி நின்றது. சுவிட்சைப் போட்டேன். சக்கரம் ஒரு முனகல் முனகி நின்றுவிட்டது. பழம் அசையவே இல்லை.

"எலுமிச்சம்பழத்தையே தாண்டல, சரிவுல எங்க ஏறப் போவுது!" என்று பின்னாலிருந்து ஒருவன் சொல்ல, கூடமே சிரித்தது. "ஆகல்ல கணே," ஆகாதுடி என்று கன்னடத்தில் சொல்லித் தாவணகெரேக்காரி தலையில் கை வைத்து உட்கார்ந்தாள்.

எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. அந்த முனகலை எங்கேயோ கேட்டிருக்கிறேனே என்று தோன்றியது. அல்சூர் மேட்டில் அப்பாவின் ஸ்கூட்டரில் மூன்று பேர் போகும்போது அதுவும் இப்படித்தான் திணறும். உடனே அப்பா முதல் கியருக்கு மாற்றுவார். ஆமை மாதிரிப் போகும், ஆனால் ஏறிவிடும்.

நாங்களோ வேகமாக ஓட வேண்டுமென்று பெரிய பல்சக்கரத்தை மோட்டாரிலும் சின்னதைச் சக்கரத்திலும் மாட்டியிருந்தோம். "மாத்துடா! சின்னது மோட்டாருக்கு, பெருசு சக்கரத்துக்கு!" என்று தருமபுரிப் பையனைப் பார்த்துக் கத்தினேன். மாற்றினோம். மறுபடியும் பழம், மறுபடியும் சுவிட்ச். ரோபோ நிதானமாகப் பழத்தின்மேல் ஏறி அந்தப் பக்கம் இறங்கியது. பழம் நசுங்கவில்லை. யாருக்கு வேண்டும் அது? மூன்று பேரும் கட்டிப்பிடித்துக் கூச்சல் போட்டோம்.

மாலையில் போட்டி. சீறிக்கொண்டு கிளம்பிய ரோபோக்கள் பாதிச் சரிவில் திணறி வழுக்கி வந்தன. எங்களுடையது பூச்சரத்தை இழுத்துக்கொண்டு, பொண்ணு பார்க்கப் போகும் மாமா மாதிரி அசைந்து அசைந்து ஏறியது. காலையில் கேலி செய்தவர்களே "ஏறு, ஏறு!" என்று கத்தினார்கள். உச்சியைத் தொட்டது. நிற்கவில்லை. மேலே போகும் என்று நாங்களே நம்பாததால், போனபின் நிறுத்த எந்த ஏற்பாடும் செய்யவில்லை. அந்தப் பக்கம் டீ குடித்துக்கொண்டிருந்த எங்கள் வகுப்பு மேடத்தின் காலடியில் தலைகுப்புற விழுந்து, பாகம் பாகமாகச் சிதறியது. மேடம் டீயைக் கீழே வைத்துவிட்டுக் கை தட்டினார்.

நான் மேஜைக்கு அடியில் தவழ்ந்து பாகங்களைப் பொறுக்கும்போது அக்காவின் போன் வந்தது.

"என்னாடி ஆச்சு? ஆபீஸ மூடப் போறாங்க."

"விழுந்து ஒடஞ்சிடுச்சுக்கா!" எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

"அப்போ கம்ப்யூட்டர்தானே?"

"ஏறாம எப்படிக்கா விழும்? போன வை, ஒரு பல்சக்கரம் காணோம்."