கொழுக்குமலை ஜீப் ஸ்டாண்டில் ஒரு கையெழுத்து

கொழுக்குமலைக்குப் பெரும்பாலும் சூரிய உதயம் பார்க்கத்தான் போவார்கள். நான் ஒரு கையெழுத்து வாங்கப் போனேன். இந்த நவம்பரில் ஒரு சனிக்கிழமை காலை கொழிஞ்சாம்பாறையில் கிளம்பி ஞாயிறு இரவு வீட்டுக்கு வந்துவிட்டேன். உதயமும் கிடைத்தது. பாலக்காடு, பொள்ளாச்சிப் பக்கமிருந்து பஸ்ஸிலேயே போய்வர நினைப்பவர்களுக்கு உதவும் என்று நேரமும் கட்டணமும் குறித்து வைத்திருக்கிறேன். அதற்கு முன் கையெழுத்துக் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

கோயம்புத்தூர் விமான நிலையத்தில், இப்போது இல்லாமல் போய்விட்ட ஒரு விமான நிறுவனத்தின் கவுண்ட்டரில் வேலை பார்த்தேன். எங்கள் குடும்பத்தில் நான்தான் முதல் டிகிரி. அப்பாவுக்குத் தென்னையும் கொஞ்சம் நெல்லும். விமானத்தில் ஒருமுறைகூட ஏறாமல் தினமும் நூற்றுக்கணக்கானவர்களை ஏற்றிவிடும் வேலை எனக்கு. போர்டிங் பாஸ் கொடுப்பேன், பெட்டிக்குச் சீட்டு ஒட்டுவேன். மைக் மட்டும் பிடிக்க மாட்டேன். பிடித்தால் குரல் உள்ளே போய்விடும்.

பிறகு பணப்புழக்கம் சுருங்கிய காலம் வந்தது. திருப்பூர்க்காரர்களுக்கு ஆர்டர் குறைந்தது. காலை விமானத்தில் அவர்கள் உட்காரும் முன்வரிசைகள் காலியாகப் போயின. எரிபொருள் விலை மட்டும் குறையவில்லை. எங்களுக்குப் போட்டியாக இருந்த ஒரு சிறிய நிறுவனம் முதலில் மூடியது. அவர்களுடைய பயணிகள் இனி நம்மிடம் வருவார்கள் என்று சந்தோஷப்பட்டோம். இரண்டு மாதத்தில் எங்களுடையதும் நின்றது. விமானங்கள் எல்லாம் குத்தகை, தவணை கட்டாததால் சொந்தக்காரர்கள் திருப்பி எடுத்துக்கொண்டார்கள் என்றார்கள். விமான நிறுவனத்துக்குச் சொந்தமாக ஒரு விமானம்கூட இல்லை என்பது எனக்கு அன்றுதான் தெரியும். குத்தகைக்கு நிலம் ஓட்டுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கும் அப்பா மட்டும் ஆச்சரியப்படவில்லை.

ஏப்ரல் 27 கடைசி விமானம். நான் சேர்ந்தது அதற்கு முந்தைய வருடம் ஜூன் 11. இப்போது கொச்சியில் ஒரு நிறுவனம் எனக்கு வேலை தரத் தயார். ஆனால் பன்னிரண்டு மாத அனுபவம் வேண்டும். பழைய நிறுவனமே இல்லாததால், அங்கே எனக்கு மேலதிகாரியாக இருந்தவர் கையெழுத்திட்ட கடிதமும் வருகைப் பதிவுக்கு ஒரு ஆதாரமும் போதும், திங்கள் மாலை ஐந்து மணிக்குள் அனுப்புங்கள் என்றார்கள். என் மேலதிகாரி செல்வராணி அக்கா. சின்னக்கானல் எஸ்டேட்டில் பிறந்து வளர்ந்தவர், முப்பத்திரண்டு வயது. கம்பெனி மூடியதும் ஊருக்கே போய் சூரியநெல்லி ஜீப் ஸ்டாண்டில் வேலை பார்க்கிறார். போனில் பிடித்தேன். "கூரியர்ல வந்து சேருறதுக்குள்ள உன் திங்கக்கெழம போயிரும். நேர்ல வாட்டி" என்றார். அதற்குள் சிக்னல் போய்விட்டது.

கம்ப்யூட்டர் சென்டரில் கடிதத்தை டைப் அடித்தேன். 'ஏப்ரல் 27 வரை' என்று அடித்தால் பத்தரை மாதம்தான் வருகிறது. டைப் அடித்த அண்ணன், "ஜூன் பத்துன்னு போட்டுக்கங்க, முழு வருசம் ஆயிருமுங்க. மூடுன கம்பெனியில போயி யாரு கேக்கப்போறாங்க?" என்றார். போட்டுக்கொண்டேன்.

சனிக்கிழமை காலை 5.50 பஸ். அப்பா ஸ்டாப் வரை வந்தார். "ஏங்கண்ணு, அந்தப் பொண்ணு ஊடு ரோட்டு மேலயே இருக்குதா, உள்ள நடக்கோணுமா?" என்று மூன்றாவது முறையாகக் கேட்டார். கோபாலபுரம் செக்போஸ்ட் தாண்டி 6.50க்குப் பொள்ளாச்சி, 35 ரூபாய். அங்கிருந்து 7.05க்கு உடுமலை பஸ், 25 ரூபாய், முக்கால் மணி நேரம். உடுமலை ஸ்டாண்டில் இட்லி சாப்பிட்டுவிடுங்கள், அதற்குப் பிறகு மறையூர் வரை நல்ல கடை கிடையாது. மூணாறு பஸ் 8.30க்கு எடுத்தார்கள். ஏறத்தாழ 85 கிலோமீட்டர், 115 ரூபாய்.

சின்னாறு காட்டுக்குள் நுழைந்ததும் எல்லோரும் ஜன்னல் பக்கம் சாய்ந்தார்கள். வெகுநேரம் தயங்கி, "எந்தப் பக்கம் உக்காந்தா யானை தெரியுமுங்க?" என்று கண்டக்டரிடம் கேட்டேன்.

"அது யானைக்குத்தான் தெரியுமுங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த டிக்கெட் கிழித்தார்.

யானை வரவில்லை. வறண்ட முள்காடு மெல்ல மெல்லப் பச்சையாகிறது. மறையூரில் கம்பி வேலிக்குள் சந்தன மரங்கள், அடிமரத்தில் பெயின்ட்டால் எழுதிய எண்ணோடு நிற்கின்றன. அதைத் தாண்டினால் ஒரு வளைவில் சட்டென்று தேயிலை ஆரம்பிக்கிறது. மலை முழுக்கச் சீப்பால் வாரி வகிடு எடுத்த மாதிரி. மூணாறு 12.15. அங்கிருந்து 1.10க்கு சூரியநெல்லி பஸ், 40 ரூபாய், ஒரு மணி ஐந்து நிமிடம். ஆக, போகும் செலவு மொத்தம் 215 ரூபாய்.

ஜீப் ஸ்டாண்டில் அக்காவைத் தேட வேண்டியிருக்கவில்லை, குரல் கேட்டது. மறுநாள் விடிகாலைப் பயணத்துக்கு ஆள் பதிந்துகொண்டிருந்தார். ஒரு ஜீப்புக்கு ஆறு பேர். பெயர், வயது, ஊர், அப்புறம் எடை.

"சார், உங்க வெயிட்டு என்ன?"

"எழுபது."

அக்கா அவரை மேலும் கீழும் பார்த்தார். "நான் எம்பது போட்டுக்கிடுதேன்."

விமான நிலையத்தில் எந்தப் பெட்டி எங்கே, எத்தனை பேர் முன்னால், எத்தனை பேர் பின்னால் என்று எடைக் கணக்குப் போட்டவர் அவர்தான். இங்கே கல்லும் குழியுமான மலைப்பாதையில் ஜீப் ஒரு பக்கம் சாயாமல் இருக்க அதே கணக்கைப் போடுகிறார். முருகன் என்ற டிரைவர் என்னிடம் புலம்பினார்: "புருசன் பொண்டாட்டியக் கூட எதிரெதிர் மூலையில உக்கார வச்சிருதுங்க இந்தக்கா. ஹனிமூன் வந்தவன் என்னையத்தான் மொறைக்கான்."

"ஏலே முருகா, வண்டி கவுந்தா ரெண்டு பேரும் ஒரே ஆசுபத்திரியில பக்கத்துப் பக்கத்துல படுப்பாங்க. பரவால்லயா?" என்றார் அக்கா, நோட்டிலிருந்து தலையைத் தூக்காமல்.

ஐந்து மணிக்கு மேல் அவர் வீட்டுக்கு நடந்தோம். எஸ்டேட் தொழிலாளர்களுக்கென்று வரிசையாகக் கட்டிய லயத்தில் ஆறாவது வீடு. அவர் அம்மா அப்போதுதான் தேயிலைக் கொழுந்து எடுத்துவிட்டு வந்திருந்தார். நான் கடிதத்தை நீட்டினேன். அக்கா பேனாவைத் திறந்தார், படித்தார், மூடினார்.

"இது என்னட்டி ஜூன் பத்து?"

நான் பையின் ஜிப்பை இழுத்து மூடினேன்.

"யாரு போட்ட தேதி?"

"நானுங்க."

"எதப் பாத்துப் போட்ட?"

"முழு வருசம் ஆகோணுமுன்னு..."

"எண்ணிப் பாக்காததுல நான் என்னைக்காவது கையெழுத்துப் போட்டிருக்கேனா? உனக்குத் தெரியாதா?"

தெரியும். ஒரு பெட்டி கணக்கில் இடிக்கிறது என்று ஒருமுறை விமானத்தைப் பதினெட்டு நிமிடம் நிறுத்தி வைத்தவர். கண்ணில் தண்ணீர் முட்டியது. 215 ரூபாய் போனதைப் பற்றிக் கவலை இல்லை. இந்த மனுஷியிடமே பொய்யை நீட்டிவிட்டேனே என்றிருந்தது. வேலையும் போனது என்று நினைத்தேன். "புள்ளைய வையாதட்டி, மொதல்ல டீயக் குடு" என்றார் அவர் அம்மா.

அக்கா உள்ளே போய் டீயோடு ஒரு நீள நோட்டையும் எடுத்து வந்தார். பிளாஸ்டிக் கவரில் சுற்றியிருந்தது. பார்த்ததும் தெரிந்துகொண்டேன். அது மஸ்டர் நோட்டு.

மஸ்டர் என்றால் எஸ்டேட்டில் காலையில் ஆட்களை நிற்க வைத்துப் பெயர் கூப்பிடுவது. விமானம் நின்றுபோன மறுநாளே அக்கா அதை விமான நிலையத்தில் ஆரம்பித்தார். காலை எட்டு மணிக்குப் பூட்டிய கவுண்ட்டர் முன்னால் பதினோரு பேரை நிற்க வைத்துப் பெயர் கூப்பிட்டார். பிறகு டிக்கெட் பணம் என்ன ஆகும் என்று கேட்டு வருகிறவர்களுக்கெல்லாம் பதில் சொன்னோம். சம்பளம் கிடையாது. நுழைவு அட்டையைத் திருப்பி வாங்கிக்கொண்ட பிறகு வெளியே டீக்கடை ஓரத்தில் மஸ்டர். "அக்கா, கொழுந்துக்கூடை எங்க?" என்று பெட்டி ஏற்றும் பையன்கள் கிண்டல் செய்தார்கள். நானும் சிரித்தேன். மே 20க்குப் பிறகு போகவில்லை. பஸ்ஸுக்குக் கொடுத்து சும்மா நிற்கப் போகிறாயா என்று வீட்டில் கேட்டார்கள்.

"எங்க எஸ்டேட்ட ஒருவாட்டி மொதலாளி மூடிட்டுப் போய்ட்டான்" என்றார் அக்கா. "நான் அப்ப நாலாங்கிளாசு. அம்மால்லாம் தெனம் காலைல போயி மஸ்டர்ல நின்னாங்க. கங்காணியே பேரு கூப்பிட்டாரு. வேல குடுக்காதது அவன் தப்பு. நம்ம வேலைக்கு வரலன்னு மட்டும் அவன் சொல்லிரக் கூடாது."

கடைசிப் பக்கத்தைப் பிரித்தார். அங்கே கம்பெனியிலிருந்து அக்காவுக்குத் தபாலில் வந்த ஒரு கடிதம் ஒட்டியிருந்தது. ஜூன் 14 அன்று, அதுவரை வருகைப் பதிவில் பெயர் இருந்த ஊழியர்கள் அன்றோடு பணியிலிருந்து விடுவிக்கப்படுகிறார்கள் என்ற கடிதம். எங்கள் கம்பெனி மின்னஞ்சலை எல்லாம் அதற்கு முன்பே முடக்கிவிட்டதால் எனக்கு அது வந்ததே இல்லை. எதிர்ப் பக்கத்தில் பதினோரு பெயர்கள். கார்த்திகா என்ற என் பெயருக்கு எதிரே மே 21லிருந்து இருபத்தைந்து சுழிகள். ஒரு நாளும் விடாமல் என்னையும் கூப்பிட்டிருக்கிறார். வரவில்லை என்று சுழி போட்டிருக்கிறார். பெயரை அடிக்கவில்லை. ஜூன் முதல் வாரத்துக்குப் பிறகு பதினோரு பேருக்கும் சுழிதான். ஆளே இல்லாத டீக்கடை ஓரத்தில் பதினோரு பெயரையும் சத்தமாகக் கூப்பிட்டிருப்பார். அவரை எனக்குத் தெரியும்.

"ஜூன் பதினாலு வரைக்கும் நீ வேலையில இருந்துருக்க. பொய் சொன்னதுதான் சொன்ன, அதுலயும் நாலு நாளக் கொறச்சில்லா சொல்லிருக்க!" என்றார் அக்கா. அவர் அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்.

கடிதத்தைக் கையாலேயே புதிதாக எழுதினார். இருபத்தைந்து நாள் வராததையும் எழுதினார். அது மட்டும் வேண்டாமே என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை. கையெழுத்துப் போட்டு, மஸ்டர் பக்கங்களைப் படம் எடுத்துக்கொள்ளச் சொன்னார். "நீங்களும் கொச்சிக்கு வரலாமுங்களேக்கா" என்றேன். "இங்க ஒவ்வொரு ஜீப்பும் ஒவ்வொருத்தன் சொந்தம். ஒருத்தன் படுத்தாலும் மத்தவன் ஓட்டுவான். நான் எதுக்கு அங்க வரணும்?" என்றார்.

மறுநாள் 4.30க்கு ஜீப். ஐந்து பேர் கொண்ட ஒரு குடும்பத்தோடு ஆறாவது ஆளாக என்னைச் சேர்த்தார். தலைக்கு 500 ரூபாய், என்னிடமும் வாங்கிக்கொண்டார். பன்னிரண்டு கிலோமீட்டருக்கு ஒன்றரை மணி நேரம். பாதை என்று சொல்ல முடியாத பாதை. எங்கள் ஜீப் ஆடியது, ஆனால் சாயவில்லை. மேலே காற்றில் காது மரத்துப்போனது. ஆறேகாலுக்கு மேகம் முழுக்கக் காலுக்குக் கீழே வெள்ளையாகப் பரவிக் கிடந்தது. அதன் விளிம்பில் முதலில் ஒரு செம்மஞ்சள் கோடு, பிறகு சூரியன். விமானத்தில் ஜன்னல் சீட் கேட்டுச் சண்டை போடுகிறவர்கள் எதைப் பார்க்க ஆசைப்பட்டார்கள் என்று புரிந்தது. கீழே இறங்க 9 மணி ஆனது. அதே வழியில் திரும்பி இரவு 8.40க்கு வீடு.

திங்கள் மதியம் ஆவணங்களை அனுப்பினேன். மூன்று மணிக்குக் கொச்சியிலிருந்து போன். அந்த இருபத்தைந்து நாள் ஏன் வரவில்லை என்று கேட்டார்கள். பஸ்ஸுக்குப் பணம் இல்லை, சம்பளமும் வரவில்லை என்றேன். குரல் உள்ளே போகவில்லை. ஒன்றாம் தேதி சேரச் சொல்லியிருக்கிறார்கள்.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். நவம்பர் முதல் பிப்ரவரி வரை போங்கள். ஸ்வெட்டர் போதாது, காதுக்கும் வேண்டும். ஜீப்புக்கு முந்தின நாள் மாலை ஐந்து மணிக்குள் பதிந்துவிடுங்கள். உடுமலையிலேயே பணம் எடுத்துக்கொள்ளுங்கள். எடை கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள், எப்படியும் பத்து கிலோ கூட்டிக்கொள்வார். அதட்டினால் கோபித்துக்கொள்ள வேண்டாம், எல்லோரையும் அதட்டுவார்.

இன்னொன்று. விடிகாலை நாலரைக்கு இருட்டில் டார்ச்சோடு ஒரு பெண் உங்கள் பெயரைக் கூப்பிடுவார். தலையாட்டினால் போதாது. நான் கையைத் தூக்கிப் பார்த்தேன், பேனா நகரவில்லை. "இருக்கேன்" என்று அவருக்குக் கேட்கும்படி சொல்லுங்கள். அப்புறம்தான் ஜீப் எடுப்பார்கள்.