நான் குறை சொன்ன புத்தகங்கள்

இன்று பதுளையிலிருந்து பண்டாரவளை செல்லும் பஸ்ஸில் அருகில் அமர்ந்திருந்த பெண் கேட்டார்: "சார், ஃபேஸ்புக்ல புத்தகத்தப் பத்தி எழுதுறது நீங்கதானே?"

மறுக்க இயலவில்லை.

பூனாகலையில் ஒரு தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை மடுவத்தில், கொழுந்து பறிக்கப் போகும் தாய்மாரின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்பவராம். ஞாயிற்றுக்கிழமைகளில் லயத்து வரிசை வீடுகளின் பெண்களைக் கூட்டி, போனில் ஒலிநூல் போடுகிறார். எதைப் போடுவது என்பதற்கு என் பதிவுகளே ஆதாரம்.

"தேனீ வளக்குற புத்தகமும் மலையேறுற கதையும் நிதானமான நல்ல நூல்னு எழுதியிருந்தீங்க. ரெண்டுக்கும் எல்லாரும் தூங்கிட்டாங்க சார்."

வருத்தம் தெரிவித்தேன்.

"ஆனா அந்தப் பேய்க்கதை? ஒரே கதவ ஏழு தடவ தட்டுது, தாங்க முடியலன்னு திட்டியிருந்தீங்களே? ஒருத்தியும் தண்ணி குடிக்கக்கூட எந்திரிக்கல!"

இந்த ஞாயிறும் தூங்கினால் அனைவரும் டீவி நாடகத்துக்கே திரும்பிவிடுவார்கள் என்பது அவருடைய கவலை. "சமீபத்துல உங்களுக்குப் புடிக்காதது எதுங்க சார்?"

யோசித்து, ஒரு காதல் கதையைக் குறிப்பிட்டேன். கதாநாயகன் ஏறத்தாழ நாற்பது நிமிடம் அழுகிறான். ஒலிநூலில் வாசிப்பவரும் சேர்ந்து அழுகிறார்.

அவர் முகம் மலர்ந்தது. "முழுசாக் கேட்டீங்களா?"

பொய்யுரைக்க மனம் வரவில்லை. "இரண்டு முறை."

"அப்ப அதுதான் சார்!" பெயரைக் குறித்துக்கொண்டார்.

பண்டாரவளையில் இறங்கும்போது சொன்னார்: "புடிச்ச புத்தகத்தையும் விடாம எழுதுங்க சார். எத விடணும்னு எங்களுக்குத் தெரியணும்ல?"

ஆகவே நண்பர்களே, நான் புகழ்ந்த நூல் எதையேனும் உறங்காமல் முடித்தவர் எவரேனும் இருப்பின், கீழே சாட்சியமளிக்குமாறு பணிவுடன் கோருகிறேன்.