உதடு படாத கிளாஸ்

பச்சையப்பனின் மூக்கைப் பற்றி எங்கள் ஊர் குடுபல்லியில் யாருக்கும் தெரியாது. தெரிந்தவன் நான் ஒருவன்தான். தொண்ணூற்றொன்பதில் பெங்களூருக்கு வடக்கே ஒரு ஒயின் கம்பெனியில் இரண்டு பேரும் ஒன்றாக வேலைக்குச் சேர்ந்தோம். அதற்கு முன்பு பக்கத்து டவுனான குப்பத்தில் கிரானைட் அறுக்கும் பட்டறையில் இருந்தோம். அந்தத் தூசு நெஞ்சில் அடைத்துத்தான் அவன் அண்ணன் செத்தான்.

"இன்னா ஆனாலும் அந்தக் கல்லுப் பக்கம் திரும்பிப் போவ மாட்டேண்ணா" என்று ரயிலில் சத்தியம் செய்துகொண்டே வந்தான்.

நான் மூட்டை தூக்கினேன். அவனுக்குக் கிளாஸ் கழுவும் வேலை. விருந்தாளிகள் குடித்து வைத்த கிளாஸை மோந்தே எந்தத் தொட்டி ஒயின் என்று சொல்லிவிடுவான். ஒருநாள், மூன்றாம் தொட்டியில் காடி வாசம் வருகிறது என்றான். ஒயின் தயாரிப்பைக் கவனித்த சுமித்ரா, திருப்பதிக்காரப் பெண், சிரிக்காமல் போய்ப் பார்த்தாள். அவன் சொன்னது சரியாக இருந்தது.

எங்களுக்கும் மிச்சம் மீதி கிடைக்கும், ஆனால் எவர்சில்வர் டம்ளரில்தான். வேலையாட்களுக்குக் கிளாஸ் கிடையாது.

"டம்ளர்ல ஊத்தினா எல்லாம் ஒரே இரும்பு வாசமா கீதுண்ணா. கிளாஸ்ல மோந்தா தனித்தனியா தெரியுது" என்பான். போதை ஏறினால் போதாதா என்பேன் நான்.

ருசி பார்க்க ஒரு ஆள் நிரந்தரமாக வேண்டியிருந்தது. சுமித்ரா முதலாளியிடம் மல்லுக்கட்டி அவனுக்கு ஒரு வாய்ப்பு வாங்கினாள். கிடைக்காவிட்டால், ஆள் குறைக்கிற மாதத்தில் மறுபடி குப்பத்துக் கல்தான்.

வெள்ளைத் துணி விரித்த மேசையில் மூன்று கிளாஸ்கள். முதலாளியும் அவருடைய நண்பர்கள் நாலு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். நான் கதவோரம் நின்றேன்.

"குடிச்சுப் பாத்து, எது போன வருஷத்து ஒயின்னு சொல்லுங்க" என்றாள் சுமித்ரா.

பச்சையப்பன் கிளாஸை எடுத்தான். அண்ணாந்து, ஒரு சாண் உயரத்திலிருந்து வாய்க்குள் ஊற்றினான். பாதி சட்டையில் சிந்தியது. நண்பர்கள் மேசையைத் தட்டிச் சிரித்தார்கள்.

அவர்களுக்கு என்ன தெரியும்? நாங்கள் சிறுவயதில் கூலிக்குப் போன வீட்டில் சொம்புத் தண்ணீரை அண்ணாந்துதான் குடிக்க வேண்டும். ஒருதரம் இவன் உதடு பட்டுவிட்டது. சொம்பைக் குப்பையில் எறிந்துவிட்டு இவனை முதுகில் மிதித்தார்கள். எச்சில் கிளாஸை மோந்து பழகியவன், பெரிய மனிதர்கள் எதிரில் நிறைத்து வைத்த கிளாஸுக்குள் மூக்கை விடத் துணியவில்லை.

"வாய் வச்சுக் குடிங்க பச்சையப்பன். மூக்கு உள்ள போகணும்." சுமித்ரா கெஞ்சினாள்.

மறுபடி எடுத்தான். கிளாஸ் உதட்டுக்கு வரவில்லை.

"மேடம், என் டம்ளர்ல ஊத்திக் குடுங்களேன்."

முதலாளியே சிரித்துக்கொண்டு ஊற்றினார். டம்ளரில் மட்டும் தாராளமாக வாய் வைத்துக் குடித்தான். மூன்றும் அவனுக்கு ஒரே இரும்பாகத்தான் இருந்திருக்கும். ஏதோ ஒன்றைக் காட்டினான். அது தப்பு.

முதலாளி மேல் வந்ததைவிட எனக்கு இவன் மேல் ஆத்திரம் அதிகம். பாவி, ஒரே ஒரு தடவை உதட்டை வைத்துத் தொலைத்தால் என்ன? அந்த மேசை முன்னால் என்னை நிறுத்தியிருந்தாலும் நானும் அண்ணாந்துதான் குடித்திருப்பேன். அதனால்தான் அந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை.

மூன்றாம் மாதம் ஆள் குறைத்தார்கள். நான் திருப்பதியில் ஒரு லாட்ஜில் வாட்ச்மேனாகத் தப்பித்துக்கொண்டேன். அவன் கல்லுக்கே போனான். பதினைந்து வருஷம் அறுத்தான்.

போன பொங்கலுக்கு அவன் வீட்டுக்குப் போயிருந்தேன். பெங்களூரில் வேலை செய்யும் அவன் மகள் தேன்மொழி ஒரு ஒயின் பாட்டிலும், புடவையில் சுற்றி இரண்டு கிளாஸும் கொண்டுவந்திருந்தாள்.

"வாய் வெச்சுக் குடி நைனா. நம்ம வூட்டு கிளாஸ்தான?"

இருமலை அடக்கிக்கொண்டு, மூக்கை உள்ளே விட்டு, உதட்டை வைத்துக் குடித்தான். அவன் அப்படிக் குடித்து நான் பார்த்தது அன்றுதான். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"எப்டி கீது நைனா?"

"வாசனையே தனிம்மா" என்றான். அவள் சந்தோஷமாக அடுப்படிக்குப் போனாள்.

அவள் போனதும் கிளாஸை என் பக்கம் நீட்டினான்.

"தூசு போயிப் போயி ரெண்டு வருசமா மூக்குல ஒண்ணும் ஏறல. நீ மோந்து சொல்லுண்ணா, இன்னா வாசம் வருது?"

நான் மோந்து பார்த்தேன். எனக்கு என்றைக்குமே அதெல்லாம் பிடிபட்டதில்லை.