குங்குமம் குடித்த ரோபோ

பசையைத் தொட்ட கையால் எனக்குச் சோறு இறங்காது. எத்தனை முறை சவர்க்காரம் போட்டாலும் விரலிடுக்கில் யாரோ சளி சிந்தியது போலவே இருக்கும். புக்கிட் பெருந்துங்கில் ஒரு சின்னத் தொழிற்சாலையில் எனக்கு அதுதான் வேலை. பசையைக் கலக்கி அச்சில் ஊற்றி, எலும்பில்லாத ரோபோ செய்வது. முழங்கை நீளம் இருக்கும், அட்டை மாதிரி நெளியும். கண்ணாடி போலத் தெளிவு, தண்ணீரில் விட்டால் இருக்கும் இடமே தெரியாது. கேமராவை மறைக்க மட்டும் சேற்று நிறத்தில் ஒரு தோல். ஆற்று மீன்களை மிரட்டாமல் படம் எடுக்கத்தான் இது என்று இன்ஜினியர் சொல்லியிருந்தார். நானும் நம்பிக் கலக்கினேன்.

ஆயுத பூஜைக்கு எல்லா மிஷினுக்கும் பொட்டு வைத்தோம். என்னோடு வேலை செய்யும் அக்கா, ஈரத் தட்டில் கிடந்த ரோபோவையும் விடவில்லை. "இதுவும் மிஷின்தானே லா," என்று தாராளமாகக் குங்குமம் அப்பினார். மறுநாள் பார்த்தால், பசை குங்குமம் அத்தனையையும் குடித்து, உடம்பெல்லாம் உரித்த கோழி மாதிரி சிவந்து கிடந்தது.

அன்று பார்த்து ஈஜோக் பக்கமிருந்து ஒரு தோட்ட மேனேஜர் வந்திருந்தார்.

"என்னாங்க இது? வாய்க்கால்ல போட்டா செம்பனக் கொல வெட்டுறவன் தூரத்துலயே பாத்துருவானே!"

"பாத்தா என்னா சார்? மீனுக்குத்தானே?" என்று நான் இன்ஜினியரைக் கேட்டேன்.

அவர் சிரித்தார். "மீனப் பாக்க யாரும்மா காசு குடுப்பா? வேல நேரத்துல யாரு எங்க உக்காருறா, எங்க ஒதுங்குறா, எல்லாம் தெரியணும். பாக்குறது அவங்களுக்குத் தெரியக்கூடாது. புதுசா ஒன்னு ஊத்துங்க. ஆளுங்க வேல செய்யறப்பவே தோட்டத்துல போட்டுக் காட்டுவோம், பக்கத்துல நிக்கிறவனுக்கே தெரியாது."

அந்தத் தோட்டத்தில்தான் என் கணவர் எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை வெட்டுகிறார். அங்கே கழிவறை கிடையாது, வாய்க்கால் ஓரம்தான். உதிரிப் பழம் பொறுக்கும் பெண்களுக்கும் அதே வாய்க்கால்தான். இத்தனை நாள் பசையைப் போய் அருவருப்பு என்று நினைத்திருந்தேனே! இன்ஜினியர் சிரித்த வாயைப் பார்க்கவே எனக்குக் கூசியது. த்தூ!

கணவரிடம் சொன்னேன். அவர் என்னையே திருப்பிக் கேட்டார்.

"கண்ணுக்கே தெரியாதுங்கற. அப்புறம் பொம்பளைங்ககிட்ட எந்தப் பக்கம் போகாதீங்கன்னு சொல்றது?"

மறுநாள் புதிதாக ஒன்றை ஊற்றினேன், தண்ணீரைவிடத் தெளிவாக வந்தது. இன்ஜினியர் தூக்கிப் பார்த்து, "சூப்பர்," என்றார். அதைப் பெட்டியில் வைத்து மூடி ஒட்டுவது என் வேலை. இனி அதைத் தோட்டத்தில், வெட்டுக்காரர்களும் பழம் பொறுக்குகிறவர்களும் வேலை செய்யும் வாய்க்கால் கரையில்தான் திறப்பார்கள்.

பையிலிருந்த கோயில் குங்குமத்தை எடுத்தேன். தலையில், வயிற்றில், வாலில் அழுத்தி அழுத்தித் தேய்த்துவிட்டுப் பெட்டியை ஒட்டினேன். திறக்கும்போது எல்லார் கண்ணுக்கும் தெரியும்படி சிவந்திருக்கும். யார் வைத்தது என்று கேட்பார்கள். கேட்கட்டும்.

வீட்டுக்கு வந்தபோது உள்ளங்கை இன்னும் சிவப்பாகவே இருந்தது. அந்தக் கையாலேயே சோற்றைப் பிசைந்து வயிறாரச் சாப்பிட்டேன்.