அருவியடியில் ஏழு முகங்கள்

சீசனில் குற்றாலம் போவதைப் பற்றி ஆயிரம் பேர் எழுதிவிட்டார்கள். நான் போனது மாசியில், அருவி வற்றிய நேரத்தில். குளிக்க அல்ல. தன்பாலீர்ப்புள்ள ஆண்களுக்காகத் தமிழில் வந்த பழைய இதழ்களைத் தேடிப்பிடித்து, ஸ்கேன் செய்து இணையத்தில் ஏற்றுகிற சின்னக் குழு எங்களுடையது. அப்படியொரு இதழை ஒரு காலத்தில் ரகசியமாக நடத்தியவர் இலத்தூரில் இருக்கிறார் என்று தெரிந்ததும் பையைத் தூக்கிவிட்டேன்.

தென்காசியில் ரயிலை விட்டு இறங்கி, ஆட்டோவில் இலத்தூர். இருநூற்றைம்பது ரூபாய். பேரம் பேசத் தெரிந்தால் குறையும், எனக்குத் தெரியாது.

இதழை நடத்திய அண்ணாச்சி, ஜெராக்ஸ் எடுப்பதற்காகத் தானே வெட்டி ஒட்டிய மூலப் பக்கங்களை அப்படியே வைத்திருந்தார். ஒரு பக்கத்தில் நிஜப் புகைப்படம். மெயினருவிக்கு அடியில் ஏழு ஆண்கள், துண்டோடு, கைகோத்து. ஏழு முகத்திலும் கறுப்பு மை.

"எங்க கூட்டமே அருவிக்குள்ளதான் தம்பி. அந்தச் சத்தத்துல நாம பேசுதது யாருக்குக் கேக்கும்? கையப் பிடிச்சுட்டு நின்னாலும் தண்ணி தள்ளுதுன்னுதான் நினைப்பாங்க" என்று சிரித்தார். சட்டென்று சிரிப்பு நின்றது. "எல்லாத்தையும் ஏத்துங்க. மூஞ்சிய மட்டும் யாரும் பாக்கக் கூடாது. பேரன் பேத்தி எடுத்தவங்க இருக்காங்க." வாக்குக் கொடுத்தேன்.

பக்கங்களைக் கையில் கொடுத்து, தங்குவதற்குக் குற்றாலத்தில் தன் சிநேகிதரின் லாட்ஜுக்கு அனுப்பினார். வாடகை எழுநூறு. மொத்த லாட்ஜிலும் நான் ஒருத்தன்தான். மதியம் மெயினருவிக்கு நடந்தேன். அப்பப்பா, அந்த அமைதி! எண்ணெய் தேய்த்துவிடும் கடைகள் பூட்டிக் கிடந்தன, பாறை காய்ந்து கிடந்தது. படத்தில் அவர்கள் நின்ற இடத்தில் போய் நிற்க எனக்குக் கால் வரவில்லை. யாரோ ஏற்கெனவே அங்கே நிற்பதுபோல இருந்தது.

அறைக்குத் திரும்பி ஸ்கேனரை ஓட்டினேன். மங்கிய எழுத்தைப் படிப்பதற்காக, ஒவ்வொரு பக்கத்திலும் சிவப்பு நிறத்தைக் கணினி தனியே பிரித்துக் காட்டும்படி வைப்பது எங்கள் வழக்கம். புகைப்படப் பக்கத்தை ஒதுக்கி வைக்க மறந்த மடையன் நான். பழைய கறுப்பு மை ஊதாவாக வெளிறியிருக்கிறது, சிவப்பை மட்டும் பிரித்தால் அது மறைந்துவிடும். திரையில் கறுப்பு விலகி, ஒவ்வொரு முகமாக மேலே வந்தது. ஏழு பேரும் என்னையே பார்த்தார்கள். அதில் ஒரு முகம் லாட்ஜில் எனக்குச் சாவி கொடுத்த முகம்.

"டீ கொண்டாந்தேன்." கதவருகே லாட்ஜ்காரர். திரையை மூட நேரமில்லை.

அவர் தன் முகத்தைப் பார்க்கவே இல்லை. தன் கையைப் பிடித்து நின்றவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"செத்துப்போனான். அவன் வீட்டுல ஒரு போட்டோ விடாம எரிச்சுட்டாங்க. மூஞ்சி மறந்துபோச்சு தம்பி. இப்பத்தான் பாக்கேன்."

"ஒரு பிரிண்ட் எடுத்துத் தரட்டுமா?"

"எங்கன ஒளிச்சு வைக்க? கொஞ்ச நேரம் பாத்துக்கிடுதேன். பொறவு அழிச்சிருங்க."

டீ ஆறும்வரை பார்த்தார். அவர் முன்னாலேயே அழித்தேன்.

போகிறவர்களுக்கு: மாசியில் அறை மலிவு, குளிக்கத் தண்ணீர் இருக்காது. ஸ்கேன் செய்கிறவர்களுக்கு: மை பூசிய பக்கத்தைக் கணினியில் தானாக ஓடவிடாதீர்கள், மூலக் கோப்பை யாருக்கும் அனுப்பாதீர்கள். அவர்களுடைய ஊர், தொழில் எல்லாவற்றையும் மாற்றித்தான் எழுதியிருக்கிறேன், டீ கொண்டுவந்தவரிடம் படித்துக் காட்டிய பிறகு. தேட வேண்டாம்.

இணையத்தில் அந்தப் பக்கத்தில் முகங்கள் கறுப்பாகவே இருக்கின்றன. கைகளுக்கு அன்று யாரும் மை பூசவில்லை. அதில் ஒரு பிடி, தண்ணீர் தள்ளியதற்காகப் பிடித்ததில்லை.