கடிதம் எனக்கு, மொச்சை எல்லாருக்கும்

கடிதத்தோடு கூட வைக்கிற சின்னச் சாமான்களுக்கு எங்களுக்குள் சில சட்டங்கள் உண்டு. உறை கனக்கக் கூடாது. உள்ளே இருப்பது உடையக் கூடாது, கடிதத்தில் கறை பட வைக்கக் கூடாது. முக்கியமாக, அனுப்புவதற்கென்று கடைக்குப் போய் வாங்கியதாக இருக்கக் கூடாது. சட்டம் போட்டவள் என் கடிதத் தோழி. சிவகங்கைப் பக்கம் பிறந்தவள், இப்போது சென்னையில் மூன்றாவது மாடி வீடு ஒன்றில் இருக்கிறாள். கடிதம் எழுதப் பிரியப்படுகிறவர்களுக்கென்று கைப்பேசியில் இருந்த ஒரு குழுவில் பழக்கமானோம். நேரில் பார்த்ததே இல்லை.

நான் அவளுக்கு அனுப்பியவை: மலையாள எழுத்து அச்சடித்த பஸ் டிக்கெட், கோயிலில் தந்த சந்தனம் காய்ந்து ஒட்டிக்கொண்ட வாழையிலைத் துண்டு, ஒரு சுளை குடம்புளி, ரப்பர் ஷீட்டின் ஓரத்தில் வெட்டிய நாடா. ரப்பர் நாற்றம் அவள் பீரோவை விட்டு இன்னும் போகவில்லையாம். இன்னொரு முறை அனுப்பினால் சிநேகிதம் முறியும் என்று எழுதினாள். அவள் எனக்கு அனுப்பியவை: ஒட்டுப்பொட்டு அட்டை, ஒரு தம்ளருக்கு மட்டும் காணும் காப்பிப்பொடி, தையல்காரர் மிச்சம் வைத்த சுங்குடித் துணுக்கு. எல்லாம் சேர்த்தாலும் ஒரு கை நிறையாது.

அனுப்பினாள் என்றுதான் சொல்கிறேன். என் கைக்கு வந்தது என்று சொல்லவில்லை.

கேரள எல்லையோரத்து உதியன்குளங்கரையில் ஒரு மெடிக்கல் ஸ்டோரில் நான் மருந்து எடுத்துக் கொடுக்கிறேன். காலையில் போனால் இருட்டும் நேரத்துக்குத்தான் வீடு. தபால் பகலில் வரும், வாங்குவது மாமியார். எங்கள் வீட்டில் வெளியிலிருந்து எது வந்தாலும் அதற்கு ஒரு முறை உண்டு. கணவரின் அண்ணன் கல்ஃபில் இருக்கிறார். அவருடைய பெட்டி வந்தால் யாரும் தொட மாட்டார்கள். நடு அறையில் வைத்துக் கயிற்றை அறுத்து, மாமியார் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து பங்கு வைப்பார். சோப்பு, பிஸ்தா, டார்ச் லைட் எல்லாம் அவர் கையால்தான் வரும். பெட்டியின் மேல் யார் பெயர் எழுதியிருக்கிறது என்பதெல்லாம் பேச்சே இல்லை. பக்கத்து வீட்டில் இருக்கும் நாத்தனாருக்கும் ஒரு பங்கு போகும். நல்ல வழக்கம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன், என் தபால் உறையும் அந்தக் கணக்கில் சேரும் வரை.

பொட்டு அட்டை நாத்தனார் மகள்களின் நெற்றிக்குப் போனது. காப்பிப்பொடியைக் கணவர் குடித்துவிட்டு, கசப்பு கொஞ்சம் கூடுதல் என்று அபிப்பிராயம் சொன்னார். சுங்குடித் துணுக்கு மிக்ஸி மூடியைத் துடைத்துக்கொண்டிருந்தது. வெளி உறைக்குள் தனியாக ஒட்டி வரும் கடித உறை மட்டும் பிரிக்காமல் என் தலையணை மேல் இருக்கும். மற்றவர் கடிதத்தைப் படிப்பது மாமியாருக்குப் பெரிய அவமானம். அந்த விஷயத்தில் அவர் பத்தரை மாற்றுத் தங்கம்.

ஒருமுறை கணவரிடம் சொன்னேன்.

"ஒரு பொட்டு அட்டைக்கா இந்தப் பாடு?" என்றார். "வேணும்னா நாளைக்கு பத்தெண்ணம் வாங்கித் தாறேன்."

இதுதான் என்னை எரிய வைப்பது. தங்க வளையலை யாராவது எடுத்திருந்தால் நான் கத்தலாம். நாலு பேர் என் பக்கம் வந்து நிற்பார்கள். பொட்டு அட்டைக்குக் கத்தினால் கத்துகிறவள்தான் பைத்தியம். சாமான் சின்னதாக இருக்க இருக்க, அதற்காகக் கோபப்படுகிற உரிமையும் சின்னதாகிவிடுகிறது. இத்தனை வருஷத்தில் இந்த வீட்டில் எனக்கென்று மட்டும் வந்தது அந்த உறை ஒன்றுதான் என்பதை நான் யாருக்கு எப்படிச் சொல்லி விளங்கவைப்பேன்?

வைகாசி முடியப் போகிற ஒரு நாள், கடையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றும்போதே மாமியார் சொன்னார்.

"மக்கா, ஒனக்கு கத்து வந்து கெடக்கு. நான் பிரிக்கல்ல, கேட்டியா."

கத்து என்றால் இங்கே கடிதம். முகம் கழுவிவிட்டு அறைக்குள் போய்ப் படித்தேன். போன மழைக்காலத்தில் தோழியின் அம்மா இறந்துபோனது எனக்கு முன்பே தெரியும். அம்மா பயிர் செய்த நிலத்தை அண்ணன்மார் விற்றுவிட்டார்கள் என்று இப்போது எழுதியிருந்தாள். அம்மா வருஷா வருஷம் போட்டு எடுத்த வரி மொச்சை ஒரு டப்பாவில் மிச்சம் இருந்ததாம். 'அவ்வளவையும் உனக்கு அனுப்பிவிட்டேன். மூன்றாவது மாடியில் நான் எங்கே போடுவேன்? உன் வீட்டைச் சுற்றி மண் இருக்கிறது. ஆடியில் ஊன்றிவிடு. காய்த்தால் எனக்கு ஒரு கைப்பிடி திருப்பி அனுப்பு. வேறு யாரிடமும் இந்த விதை இல்லை.'

கடிதத்தைக் கையில் பிடித்தபடியே அடுக்களைக்கு ஓடினேன்.

"அம்மா, இதுக்கூட ஒரு பொதி வந்துதா?"

"வந்துதே. பயறு. வெந்நீருல ஊறப்போட்டு, ஏத்த வாழக்காயும் சேர்த்து உச்சைக்குத் தோரன் வச்சேன். கொள்ளாம் ஆக்கும்! எல்லாவனும் ரெண்டாமதும் கேட்டு வாங்கித் தின்னான்."

"எல்லாத்தையும் மத்தியானப் பொரியல்லயா?"

"இம்புட்டுப்போல உள்ளதுல பாதி எடுத்து வைக்கவா? ஏத்தங்காய் போட்டதுனாலயாக்கும் எல்லாருக்கும் காணும்படி வந்துது."

"எனக்கு?"

அவர் என்னை நிஜமான ஆச்சரியத்தோடு பார்த்தார். "ஒனக்குத்தான் கத்து உண்டே."

மொச்சை வந்த சின்னத் துணிப்பையைத் துவைத்துக் கொடியில் காயப்போட்டிருந்தார். நல்ல துணியாம். நான் நாத்தனார் வீட்டுக்குப் போனேன். அவளுக்குக் கொடுத்தனுப்பிய கிண்ணம் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது. "மைனி, இன்னும் உண்டா?" என்று அவள் என்னிடமே கேட்டாள். வீட்டுக்குத் திரும்பி வந்து, அடுக்களைத் தரையில் மண்டியிட்டு அடுப்புத் திண்டின் அடியெல்லாம் கைவிட்டுத் துழாவினேன். ஒன்றே ஒன்று கிடைத்தது, அதுவும் பாதி உடைந்தது. மறுநாள் அதையும் மண்ணில் போட்டேன். முளைக்கவில்லை.

அன்றைக்கு நான் போட்ட சத்தம் ரோடு வரைக்கும் கேட்டிருக்கும். வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். கத்தைப் பிரித்துப் படித்துத் தொலைத்திருக்கக் கூடாதா என்று கூடக் கேட்டேன். மாமியாருக்கு அது ஒன்றுதான் உறைத்தது. மற்றவர் கத்தைப் பிரிக்கிற வீட்டில் தான் பிறக்கவில்லை என்று அழ ஆரம்பித்துவிட்டார். பிறகு கேட்பானேன், அழுகிறவர் பக்கம்தான் நியாயம். ஒரு பிடிப் பயறுக்காக வயசான மனுஷியை அழ வைத்தவள் நான்.

மறுநாள் கணவர் பனச்சமூடு சந்தையிலிருந்து ஒரு பொட்டலம் கொண்டுவந்து மேசையில் போட்டார். காய்ந்த மொச்சைக்கொட்டை, அரைக் கிலோ இருக்கும்.

"இதை நட்டு வை. காய்ச்சப்பிறகு ஒரு பிடி எடுத்து அவளுக்கு அனுப்பிவிடு. அவளுக்கு என்ன தெரியப் போகுது?"

நல்லெண்ணத்தில்தான் சொன்னார், அது எனக்குத் தெரியும். தெரிந்ததால் கோபம் குறையவில்லை, கூடத்தான் செய்தது. ஒரு பிறவி முழுக்க அந்த அம்மாள் பொறுக்கி வைத்த விதைக்கு இந்த ஆள் அரைக் கிலோவில் ஈடு கட்டுகிறார்! பொட்டலத்தை அப்படியே எடுத்துப்போய் நாத்தனார் வீட்டில் கொடுத்தேன். பங்கு வையுங்கள் என்றேன்.

தோழிக்கு நடந்ததை நடந்தபடி எழுதினேன். சமைத்துத் தின்றுவிட்டார்கள் என்று எழுதும்போது பேனா காகிதத்தைக் கிழித்தது. இனி மருந்துக்கடை முகவரிக்கு எழுது என்று கீழே சேர்த்தேன். இனி எழுதுவாளா என்று எனக்கே நிச்சயம் இல்லை. ஆடி பிறந்தது, மழை பெய்தது. வீட்டைச் சுற்றியிருந்த ஈர மண்ணைப் பார்க்கவே பிடிக்கவில்லை. மாமியாரிடம் தேவைக்கு ஒரு வார்த்தை, அவ்வளவுதான்.

ஆடி முடியும் முன் பதில் வந்தது. கூட எதுவும் இல்லை, ஒரே ஒரு தாள். படித்ததும் அழுதாளாம். என்மேலும் இரண்டு நாள் கோபமாக இருந்தாளாம். அதற்குப் பிறகு இப்படி எழுதியிருந்தாள்: 'ருசி எப்படி இருந்தது? உன் மாமியாரிடம் கேட்டு எழுது. அம்மா போன பிறகு நான் அதைச் சாப்பிடவில்லை. சமைத்தால் தீர்ந்துவிடுமே என்று விதையாகவே வைத்திருந்தேன்.'

மூன்று நாள் அந்தத் தாளைக் கைப்பையில் வைத்துக்கொண்டு அலைந்தேன். யார் சமைத்துத் தீர்த்தாரோ அவரிடமே போய், அது எப்படி இருந்தது என்று நான் கேட்க வேண்டும். நாலாம் நாள் கேட்டேன். மாமியார் புறவாசலில் நெத்தோலி மீன் கிள்ளிக்கொண்டிருந்தார். நானாகப் பேசியதில் அவருக்குச் சந்தோஷம். கையை உதறிவிட்டு யோசித்து யோசித்துச் சொன்னார்.

"வாயில போட்டா மாவாட்டு உடையும் மக்கா. தோலு மட்டும் பல்லுல தட்டும். நம்ம பயறுக்கு உள்ள பச்சை மணம் அதுக்கு இல்ல. தின்னு முடிச்சப்பிறகு நாக்குல ஒரு சின்ன இனிப்பு நிக்கும். தேங்கா போட்டிருக்கவே வேண்டாம், அதுக்கு அதுக்க ருசியே போதும்." பிறகு தயங்கிக் கேட்டார். "அந்தக் கொச்சுப் பிள்ள இனியும் அனுப்புமா?"

"இல்ல" என்றேன். "அம்புட்டுதான் உண்டு."

அவர் சொன்னதை ஒரு சொல் விடாமல் கடிதத்தில் எழுதினேன். எழுத எழுதக் கோபம் மறுபடி தலைக்கு ஏறியது. அந்த மொச்சையின் ருசி தோழிக்குத் தெரியும். என் மாமியாருக்குத் தெரியும். என் கணவருக்கும் நாத்தனாருக்கும் அவள் பிள்ளைகளுக்கும் தெரியும். அது யாருக்கென்று வந்ததோ, அவளுக்கு மட்டும் கடைசி வரை தெரியப் போவதில்லை.