ஒரு தழையும் மஞ்சள் கிளிப்பும்

முனியம்மாளின் இடுப்பெலும்பை உடைத்தவன் நான்.

கையால் தொடவில்லை. அவர் விழுந்த நேரத்தில் நான் திண்டிவனத்தில், என் ஜெராக்ஸ் கடைக்குப் பின்னாலுள்ள வீட்டில், சூடாகத் தோசை தின்றுகொண்டிருந்தேன். ஆனாலும் உடைத்தவன் நான்தான். இதை இதுவரை ஒருவரிடமும் சொன்னதில்லை. உங்களிடம் சொல்கிறேன், ஏனெனில் நீங்கள் என் முகத்தைப் பார்க்கப் போவதில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் நான் ஆட்களை மலையேற்றத்துக்கு அழைத்துப் போகிறவன். அனந்தபுரத்துக்கு மேற்கே ஒரு மலைக்காடு. ஊரின் பெயரைச் சொல்ல மாட்டேன், சொன்னால் நீங்களும் கிளம்பிவிடுவீர்கள். 'எளிய பாதை, குழந்தைகளும் ஏறலாம்' என்றுதான் விளம்பரம் போடுவேன். பொய்யில்லை. மேலே உள்ள சுனைவரை ஒன்றரை மணி நேர நடை. விழுப்புரத்திலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் குடும்பம் குடும்பமாக வருவார்கள்.

அந்தப் பாதையை எனக்குக் காட்டிக் கொடுத்தவர் முனியம்மாள். அடிவாரத்து ஊர்க்காரர், ஆடு மேய்ப்பவர். முதல் நாள் எனக்கு அவித்த வேர்க்கடலை, அவர் சொல்லில் மல்லாட்டை, கொடுத்து, கூடவே நடந்து வந்தார். பாதை இரண்டாகப் பிரியும் இடத்தில் ஒரு தட்டைக்கல் கிடக்கிறது. அங்கே நின்று, பக்கத்துச் செடியில் ஒரு கொத்துத் தழையை ஒடித்துக் கல்லின்மேல் வைத்தார்.

"தழ இருந்தா மேல ஆளு இருக்குதுன்னு அர்த்தம் தம்பி. பொம்பளைங்க குளிச்சிக்கினு இருப்பாங்க, ஆம்பள யாரும் ஏற மாட்டாங்க. எறங்கசொல்ல எடுத்துக் கடாசிடணும்."

"எடுக்க மறந்துட்டா?"

"மறக்கக் கூடாது. பொழுது சாயசொல்ல தழ கெடந்தா, கடைசியா ஆடு ஓட்டிக்கினு வர்றவங்க மேல போய்த் தேடணும். விட்டுட்டு வர முடியுமா?"

கவனித்தீர்களா? எனக்குத் தெரியாது என்று சொல்லித் தப்பிக்க வழியே இல்லை. எல்லாம் தெரிந்துதான் செய்தேன்.

எளிய பாதைக்கு ஒரு குறை உண்டு. வீட்டுக்குப் போய்ச் சொல்லிக்கொள்ள அதில் ஒன்றும் இருக்காது. வருகிறவர்களுக்கு மூச்சும் வாங்காது, பயமும் வராது. சுனையைப் பார்ப்பார்கள், பிஸ்கட் உறையை எறிவார்கள், "அவ்வளவுதானா?" என்பார்கள். அந்த 'அவ்வளவுதானா' எனக்குப் பொறுக்கவில்லை. ஆகவே தட்டைக்கல்லின் முன்னால் நின்று ஒரு கதை கட்டினேன். "ஒரு தழையை வைத்து மனதில் ஒன்றை வேண்டிக்கொள்ளுங்கள். இந்த மலை அதை நிறைவேற்றும்." குரலைத் தாழ்த்தி, கண்ணைப் பாதி மூடிக்கொண்டு சொல்வேன்... தூ! என்ன குரல் அது!

இறங்கும்போது கடைசி ஆளாக நின்று எல்லாத் தழையையும் அள்ளி எறிந்துவிடுவேன். அந்த மட்டும் புத்தி இருந்தது.

அந்த ஞாயிறு பதினான்கு பேர். அவர்களில் ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி, தழையோடு தன் தலையிலிருந்த மஞ்சள் கிளிப்பையும் கழற்றிக் கல்லின்மேல் வைத்தாள். திரும்பி வரும்போது நான் தழைகளை அள்ளுவதைப் பார்த்துவிட்டாள். "என்னோடதை எடுக்காதீங்க அங்கிள்" என்று அழுதாள். அவளுடைய அப்பா கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டிருந்தார்.

பதின்மூன்றை எடுத்தேன். ஒன்றை விட்டேன்.

குழந்தைமேல் இரக்கப்பட்டா? இல்லை. கேமரா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது, அதனால்! அந்த வீடியோ இணையத்தில் இன்னும் இருக்கிறது. அதில் என் கை அந்தத் தழையையும் கிளிப்பையும் மெல்லத் தடவிக் கொடுக்கிறது. 'எவ்வளவு நல்ல மனசு' என்று கீழே எழுதியிருக்கிறார்கள். அந்தக் கையால்தான் இன்றும் சோறு தின்கிறேன்.

எல்லாரையும் வேனில் ஏற்றிவிட்டு மறுபடி போய் எடுத்திருக்கலாம். இருபது நிமிட நடை. கால் வலித்தது, பசித்தது... போகவில்லை.

மறுநாள் காலையில் முனியம்மாளின் கணவர் கடைக்குப் போன் செய்தார். "தம்பி, நேத்து உன்கூட வந்ததுல பாப்பா எதுனா காணாம பூட்டுதா?" முந்தின மாலை ஆடுகள் மட்டும் தனியாக வீடு வந்திருக்கின்றன. தேடிப் போனபோது முனியம்மாள் சுனைக்கு மேலே பாறை இடுக்கில் கிடந்திருக்கிறார். கல்லின்மேல் தழையையும் சின்னப் பிள்ளையின் கிளிப்பையும் பார்த்துவிட்டு, கிளிப்பை எடுத்து மடியில் செருகிக்கொண்டு, பாப்பா, பாப்பா என்று கூப்பிட்டுக்கொண்டே ஏறியிருக்கிறார். சுனையில் இல்லை என்றதும் அதற்கு மேலும் ஏறியிருக்கிறார். அங்கே பாதையே கிடையாது.

"யாரும் காணாமல் போகவில்லை" என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டாமா? நான் என்ன சொன்னேன் தெரியுமா? "விசாரிச்சுச் சொல்றேன்ணா."

விழுப்புரம் ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தேன், ஆரஞ்சுப் பழத்தோடு. இடுப்புக்குக் கீழே அசைக்க முடியாமல் படுத்திருந்தார். என்னைப் பார்த்ததும் முதலில் கேட்டது இதைத்தான்.

"அந்தப் பாப்பா கெடச்சிச்சா தம்பி?"

உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். நம்புங்கள்... வேண்டாம், நம்பாதீர்கள்.

"கெடச்சிடுச்சிக்கா. அவங்கப்பா கூட்டிக்கினு பூட்டாரு."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். "அது போதும்" என்றார். பிறகு தலையணைக்கடியிலிருந்து அந்தக் கிளிப்பை எடுத்து நீட்டினார். "பாப்பாகிட்ட குடுத்துடு. தேடிக்கினு இருக்கும்."

கதை சொல்வதை நிறுத்திவிட்டேன். என்ன பயன்? வீடியோவைப் பார்த்துவிட்டு, நான் இல்லாமலே ஆட்கள் வந்து தழை வைக்கிறார்கள். இப்போது அந்தக் கல்லின்மேல் எப்போதும் தழை கிடக்கிறது. அந்த ஊரார் யாரும் அதைப் பார்த்து நிற்பதில்லை, தேடிப் போவதுமில்லை. நாளைக்கு உண்மையிலேயே ஒருவர் மேலே மாட்டிக்கொண்டால்... அதை நினைக்கத் துணிவில்லை.

முனியம்மாளால் இனி மலையேற முடியாது. ஆடுகளை விற்றுவிட்டார்கள். ஞாயிறுதோறும் கோலை ஊன்றிக்கொண்டு வேன் நிற்கும் இடத்துக்கு வந்து, ஒரு கல்லில் உட்கார்ந்துவிடுகிறார். ஏறுகிறவர்களை எண்ணுகிறார். இறங்குகிறவர்களை எண்ணுகிறார். கடைசி ஆள் இறங்கும்வரை எழுந்து போவதில்லை.

ஆம், நான் இன்னும் ஆட்களை அழைத்துப் போகிறேன். வெட்கமில்லாதவன்.

போன வாரமும் அப்படித்தான். "ஏறசொல்ல பதினாறு, எறங்கசொல்ல பதினாறு. சரியா இருக்குது, நீ கெளம்பு தம்பி" என்றார். வேனில் கால் வைத்தவனைத் திரும்பவும் கூப்பிட்டார்.

"அந்தக் கிளிப்ப பாப்பாகிட்ட குடுத்துட்டியா?"

"அப்பவே குடுத்துட்டேன்கா."

கடை மேஜையின் இழுப்பறையில், ஸ்டேப்ளர் பின்களுக்கு நடுவே அது கிடக்கிறது. பில் புத்தகம் எடுக்கும்போதெல்லாம் விரலில் படுகிறது.